ஒட்டுத் தெரியாத முட்டை

தையலக்காவிடம் துணி கொடுத்த எல்லாருக்கும் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான்: "நாளைக்கு வாங்க." மறுநாள் போனாலும் அதே பதில்தான். ஆனால் ஒருவழியாகத் துணி கைக்கு வந்துவிட்டால் யாருக்கும் திட்ட வாய் வராது. கிழிசலுக்கு அவள் போட்ட ஒட்டை அவளாலேயே மறுநாள் கண்டுபிடிக்க முடியாது. அப்படி ஒரு கை. அந்தக் கைதான் அவளைக் கவிழ்த்தது.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. பின்கதவைத் திறந்தால் துவைகல், தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டிக் கோழிக்கூடு. கோழிகள் நான்கு. தனக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே அவள் அவற்றுக்குப் பேர் வைத்திருந்தாள். குட்டையாக உருண்டையாக இருந்தது பொத்தான். எந்நேரமும் தொண்டைப்பை புடைக்கத் தின்றது பாக்கெட். திறந்த வாயை மூடவே தெரியாதது ஜிப்பு. கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு, பெரிய அதிகாரி மாதிரி நடப்பது காலர். காலர் குஞ்சாக இருந்தபோது தையல் மெஷினுக்கு அடியில் பொத்தான் டப்பாவில் வளர்ந்தது. மெஷின் ஓடினால்தான் தூங்கும். அதனால் அதற்கு வீட்டில் தனிச் சலுகை.

நான்கு கோழி என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. ஒன்றுக்குப் பேன் விழுந்தால் நான்குக்கும் சாம்பல் தேய்க்க வேண்டும். தேய்த்து முடிப்பதற்குள் பாதிச் சாம்பல் தையலக்காவின் தலையில் இருக்கும். பாக்கெட் இறகு உதிர்க்கும் மாதத்தில், தைத்து மடித்து வைத்த சட்டைகளை உதறாமல் யாருக்கும் கொடுக்க முடியாது. ஜிப்பு மதில் ஏறிப் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியைக் கிளறிவிட்டு வந்தால், பேச்சு வாங்குவது ஜிப்பு அல்ல.

இதற்கெல்லாம் மேல், மேலே மாடியம்மா இருந்தார். வீட்டின் சொந்தக்காரி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடு வைக்க அனுமதி கேட்டபோது மூக்கைச் சுளித்துக்கொண்டே கணக்கை முடித்துவிட்டார்.

"வாடகை வீட்டுக்கு. நாத்தத்துக்குத் தனியா தினம் ஒரு முட்டை."

ஒப்பந்தம் நன்றாகத்தான் நடந்தது. திடீரென்று ஒருநாள் கூட்டில் முட்டை இல்லை. மறுநாளும் இல்லை. வைக்கோல் மட்டும் பிசுபிசுவென்று ஈரமாக, ஓட்டுத் துணுக்குகளோடு கிடந்தது. ஏதோ ஒரு கோழி முட்டையைக் கொத்திக் குடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மாடிக்கு ஒரு வாரமாக முட்டை போகவில்லை. மாடியம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, முட்டையெல்லாம் கடைக்குப் போகுதா?"

"ஐயோ இல்லம்மா. கோழியே தின்னுடுதும்மா."

"கோழி முட்டையைத் தின்னுதா! இன்னும் என்னென்ன சொல்லுவே? உன் மெஷின் துணியைத் தின்னுடுச்சும்பே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். முட்டை மேல வரணும், இல்ல கோழி வெளிய போகணும்."

தையலக்காவின் கணவர் பஸ் டிரைவர். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவருடைய டிப்போவில் வைத்தியம் உண்டு. அன்று சாயங்காலம் இரண்டு வைத்தியத்தோடு வந்தார்.

"திங்கற கோழியைக் கண்டுபிடிச்சுக் குழம்பு வச்சிடணுமாம்."

"வாயைக் கழுவுங்க!"

"இரு, இன்னொண்ணும் இருக்கு. முட்டையில ஓட்டை போட்டு, உள்ள இருக்கறதை எடுத்துட்டு, மிளகாய்த்தூளைக் குழைச்சு நிரப்பி வைக்கணுமாம். ஒரு தடவை கொத்தினா போதும், ஜென்மத்துக்கும் முட்டைப் பக்கம் தலை வச்சுப் படுக்காது."

"திருடி ஜிப்புதான். முழியைப் பார்த்தாலே தெரியுது" என்றாள் அவள்.

கடையில் இரண்டு முட்டை வாங்கிவந்தாள். பின்முனையில் பொத்தான்துளை அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளதை எடுத்துவிட்டு, மிளகாய் விழுதை நிரப்பினாள். ஓட்டையை மூடுவதுதான் பாக்கி. மிச்சத்துணிப் பையைக் கிளறினாள். முட்டை ஓட்டின் நிறத்திலேயே ஒரு மெல்லிய துணி கிடைத்தது. வட்டமாக வெட்டி, கஞ்சிப் பசை தடவி ஒட்டி, நகத்தால் நீவி விட்டாள். காய்ந்த பிறகு தூக்கிப் பார்த்தால் கோழியே தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டையும் கூட்டில் வைத்துவிட்டு, அவசரத் துணி ஒன்று இருந்ததால் மெஷினில் உட்கார்ந்தாள். வாயில் வரிசையாகக் குண்டூசி.

டிரைவர் வேலைக்குக் கிளம்பும்போது கூட்டைக் குனிந்து பார்த்தார். வழவழவென்று இரண்டு முட்டை! மிளகாய் முட்டை என்றால் பஞ்சர் ஒட்டிய டியூப் மாதிரி இருக்கும் என்பது அவருடைய கற்பனை. கோழிகள் தாமாகவே திருந்திவிட்டன என்று முடிவு கட்டினார். ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். இறங்கிவந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கவலையை விடு! மேல முட்டை குடுத்துட்டேன்!"

"ம்ம்ம்! ம்ம்ம்ம்ம்!" என்றாள் தையலக்கா, வாய் நிறையக் குண்டூசியோடு.

"பரவால்ல, பரவால்ல. புருஷன்னு எதுக்கு இருக்கேன்" என்று கையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவள் ஊசிகளைத் துப்பிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே இரண்டாவது முட்டை உடைந்து கிடந்தது. அதன் முன்னால் நின்றது ஜிப்பு இல்லை. காலர்! பொத்தான் டப்பாவில் வளர்த்த செல்லம். அலகெல்லாம் சிவப்பு. காரம் தாங்காமல் துள்ளும் என்று பார்த்தால், மிளகாய் விழுதை ரசித்து ரசித்துக் கொத்தி, ஓட்டின் உட்புறத்தையும் வழித்துக்கொண்டிருந்தது.

"அடிப் பாவி, நீயா?"

காலர் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. இன்னும் இருக்கிறதா என்று கேட்பதுபோல் இருந்தது.

அதே நேரம் மாடியில் எண்ணெய் காய்ந்த சட்டியில் ஏதோ 'சொய்ங்' என்றது. அடுத்து ஒரு தும்மல். பிறகு தும்மல்கள். ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. மாடியம்மா ஒரு கையில் சட்டியும் மறு கையில் முட்டை ஓடுமாக, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியப் படியிறங்கி வந்தார்.

"இது எந்தக் கோழி போட்டதுடி? மிளகாய்க் கிடங்குல வளர்ந்த கோழியா?"

"அம்மா, அது கோழிக்கு வச்சதும்மா."

"கோழிக்கு வச்சதை எனக்கு ஏன் அனுப்பினே? நானும் கொத்தறேனான்னு பார்க்கவா?"

தையலக்காவுக்கு அழுகை முட்டியது. நாலு கோழியையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அவள் வாய் திறப்பதற்குள் காலரே வந்தது. சிவந்த அலகோடு, அதிகாரி நடையில் வந்து, மாடியம்மா கையிலிருந்த சட்டியை நோக்கி ஒரு எம்பு எம்பியது. மாடியம்மா அதன் அலகைப் பார்த்தார், உடைந்த ஓட்டைப் பார்த்தார். சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். காலர் ஆற அமரக் கொத்த ஆரம்பித்தது.

"இதுக்குக் காரமே ஏறலியா?"

"மறுசோறு கேக்குதும்மா."

"அப்ப நெஜமாவே கோழிதான் தின்னுதா. நீ விக்கலை."

"சத்தியமா இல்லம்மா."

மாடியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் கொஞ்சம் இளகியது. கையிலிருந்த ஓட்டைத் திருப்பினார். அதில் ஒட்டியிருந்த துணியை நகத்தால் உரித்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏண்டி, இது நீ தச்ச என் கோட்டுக்கு உள்துணியா வச்சது இல்ல? ஒரு விரக்கடை கூட மிச்சமாகலன்னு சொன்னியே?"

வாயில் குண்டூசி இருந்திருக்கக் கூடாதா என்று தையலக்காவுக்குத் தோன்றியது.

"முட்டையில இவ்ளோ நேர்த்தியா ஒட்டத் தெரிஞ்சவளுக்கு என் கோட்டுக் கை மட்டும் எப்படிக் கோணிக்கிச்சு?"

மாடியம்மா மறுபடி ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"கோழி இருக்கட்டும். கோட்டுக் கையைப் பிரிச்சுச் சரியா தச்சுக் குடு. நாளைக்கு வாங்கன்னு மட்டும் சொன்னே, அவ்வளவுதான். அப்புறம், இந்த முட்டைக்கு ஒரு வழி பண்ணணும். உருண்டையாதானே இருக்கு? கூட்டோட அடியைச் சரிவா வச்சா உருண்டு ஓடிடப்போகுது. இதுக்கு எதுக்குடி மிளகாய்?"

வேலை முடிந்து வந்த டிரைவருக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் கிடைத்தது வேறு. கிடைத்ததை வாங்கிக்கொண்டு, துணி வெட்டும் பழைய பலகை ஒன்றைக் கூட்டுக்குள் சாய்த்து ஆணி அடித்தார். பலகையின் தாழ்ந்த முனையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் பஞ்சு வைத்த தட்டு. முட்டை விழுந்ததும் உருண்டு, திரையைத் தள்ளிக்கொண்டு தட்டுக்குள் போய்விடும். திரையைத் தைத்தது தையலக்கா.

மறுநாள் முட்டை வாங்க மாடியம்மா தானே இறங்கி வந்தார். திரையை விரலால் தூக்கிப் பார்த்தார். முட்டை நிறத் துணி.

"மிச்சமாகாத துணி எவ்ளோ நீளம், பாரேன்!" என்றார். முட்டையை எடுத்துக்கொண்டு படியேறினார்.

கூட்டுக்குள் காலர் முட்டையிட்டு எழுந்து திரும்பிப் பார்த்தது. காணோம். வைக்கோலைக் கிளறியது. பலகைக்கு அடியில் எட்டிப் பார்த்தது. கடைசியில் முன்னறைக்கே வந்து, மெஷினுக்கு எதிரில் ஒற்றைக் காலில் நின்று, தைக்கக் கொடுத்த துணியைக் கேட்கும் ஆளைப் போலத் தையலக்காவை முறைத்தது.

அவள் கோட்டின் கோணல் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நாளைக்கு வா" என்றாள்.