டேங்க் மூடியில் வைத்த பொட்டு

வேம்பு என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, அமிர்தம் அண்ணி வெற்றிலைபாக்குத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று. என் பெரியப்பா மகனைக் கட்டிக்கொண்டவள் அமிர்தம். அவளுக்கு ஒரே பிள்ளை தங்கையன். அவனுக்கு நான் அத்தை.

“தங்கையனுக்குப் பொண்ணு முடிஞ்சிட்டுது ஆனந்தவல்லி. திருக்குவளைப் பக்கம். பேரு வேம்பு.”

“வேம்பா? காலையில பல்லு விளக்கறதுக்கா கட்டி வைக்கிறீங்க?” என்றேன்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. “அதுக்கு முன்னாடி ரெண்டு புள்ள தங்கல. மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு வச்ச பேரு” என்று சொல்லித் தட்டை நீட்டினாள். முகத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு பெண்ணைக் கேலி பேசியாகிவிட்டது. என் வாய் அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

தங்கையன் கீழ்வேளூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தான். வேம்பு மதியச் சோறு கொண்டுபோவாள். போனவள் உடனே திரும்பமாட்டாள். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள், பிளக் துடைப்பாள், அவன் கழற்றிப் போட்ட சாமான்களை வரிசையாகத் துணியில் பரப்பி வைப்பாள். அப்படியே வேலை அவள் கைக்கு வந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மழையில் பம்ப்செட் மோட்டாரைப் பார்க்கப் போன தங்கையனைக் கரண்ட் அடித்துப் போட்டுவிட்டது. கருமாதி முடிந்து, கடையை யாருக்குக் கொடுப்பது என்று நாங்கள் பங்காளி வகையில் பேசிக்கொண்டிருக்கும்போதே வேம்பு போய் ஷட்டரைத் தூக்கிவிட்டாள். மாமியாருக்கும் அவளுக்கும் சோறு அந்தக் கடைதான்.

அவள் வேலை பார்ப்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்தால் உடனே எதையும் கழற்றமாட்டாள். “எப்பலேருந்து? தண்ணியில இறங்குச்சா? யாராச்சும் தொட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வைத்தியர் கேட்பது போல. சேற்றில் விழுந்த வண்டி, வைக்கோல் தூசி அடைத்த வண்டி எல்லாம் அவளிடம்தான் வரும். முறைப்படி நான் அவளுக்குப் பெரியம்மா. எங்கே பார்த்தாலும் “வாங்க பெரியம்மா” என்பாள்.

இப்போது என் தம்பி மகன் பரணிதரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூரில் கம்பெனி வேலை. அங்கே யாரிடமோ ஒரு வெளிநாட்டு வண்டியைப் பழசாக வாங்கி, லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்பியிருந்தான். அதற்கு உட்காரச் சீட்டு இல்லை, முன்னால் லைட்டு இல்லை, பெட்ரோல் டேங்க் ஒரு செம்பு அளவுதான். டிரையல்ஸ் வண்டியாம். வேகமாகப் போகிற பந்தயம் இல்லை அது. பாறை மேலும் கல் மேலும் மெதுவாக ஏறி இறங்க வேண்டும், கால் தரையில் படக்கூடாது, வண்டி நிற்கக்கூடாது. லீவில் வந்தால் மதகுக் கல்லிலும் வரப்பிலும் நின்றுகொண்டே ஓட்டிப் பழகுவான். “சீட்டு வாங்கக் காசு இல்லியா மாப்ள?” என்று நடவு ஆட்கள் கேட்பார்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்குவாரியில் போட்டி. ஆயுதபூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை என்று நாள் வைத்திருந்தார்கள்.

ஆயுதபூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, டிராக்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். இந்த வண்டிக்கு வந்ததும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. லைட்டு இருந்தால் அதுதான் நெற்றி. கடைசியில் டேங்க் மூடி வட்டமாக, மேலே பார்த்தபடி இருந்தது. நல்ல கெட்டிச் சந்தனத்தைக் குழைத்து நடுவில் அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். பார்க்க அம்சமாக இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பரணி உதைத்து உதைத்துச் சட்டை நனைந்துவிட்டது. அபூர்வமாகப் பிடித்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு இருமிக்கொண்டு நிற்கும். தெருவே கூடிவிட்டது.

“சீமைக் குதிரைக்குக் கொள்ளு வேணும்போல!”

“பொங்கலுக்குள்ள கிளம்பிடும், விடு.”

பரணி போன் போட்டு வேம்புவை வரவழைத்தான். அவனுக்கு அவள் அண்ணி. அவள் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். “காஞ்சு கிடக்கு தம்பி. பெட்ரோல் வரல” என்றாள். மூடியைத் திறந்து டேங்கைப் பார்த்தாள். பெட்ரோல் இருந்தது. இரண்டு உதை, வண்டி பிடித்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் நின்றுவிட்டது. மறுபடியும் மூடியைத் திறந்தாள். காதை வைத்துக் கேட்டாள். “புஸ்ஸுங்குது பாத்தீங்களா” என்று சொல்லி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், கையிலிருந்த துணியை அந்தப் பொட்டின்மேல் கொண்டுபோனாள்.

“ஏய், நிறுத்து!” என்றேன். “பூஜையில வச்ச பொட்டு அது. ஒன் கையால அழிக்காதே.”

தெரு முழுக்கக் கேட்டது. என்ன சொன்னேன் என்பது எல்லாருக்கும் புரிந்தது. புருஷன் இல்லாதவள் கை என்பதைத்தான் நான் சொன்னேன்.

“அத்தை, என்ன பேச்சு இது!” என்றான் பரணி.

“பரவால்ல தம்பி.” வேம்பு துணியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மூடியைப் போட்டு, முழுசாகத் திருகாமல் அரைச்சுற்று தளர்வாக விட்டாள். “இத மட்டும் இறுக்காதீங்க. ஓடும்.” அவ்வளவுதான் சொன்னாள். ஏன் எதற்கு என்று வழக்கமாக விளக்கிச் சொல்கிறவள், காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். பரணிக்கும் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை. அன்றும் மறுநாளும் வண்டி ஒழுங்காக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேனில் புறப்பட்டோம். பின்னால் வண்டியைக் கட்டியிருந்தோம். புளிச்சோற்றுத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கந்தர்வகோட்டை தாண்டி ரோடு குலுக்கியதில் பெட்ரோல் தெறித்து வாடை வந்தது. சோறு கெட்டுப்போகுமே என்று அந்த மூடியை, கை வலிக்கும் மட்டும் இறுக்கினேன். பரணி முன்சீட்டில் இருந்தான். அவனிடம் சொல்லவில்லை.

போட்டியில் முதல் பாறையை நன்றாக ஏறினான். இரண்டாவதில் பாதியில் வண்டி இருமியது. நின்றது. கால் தரையில் பட்டது. உதைத்தான், உதைத்தான். நடுவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வயசுப் பையன்கள் போனில் படம் பிடித்தார்கள். சரிவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினான், யாரையும் பார்க்காமல்.

“அண்ணி சொன்னபடிதானே வச்சிருந்தேன்” என்றான் வேனில். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் அன்றே ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் நான் கீழ்வேளூருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். குற்றம் எங்காவது போய் உட்கார வேண்டியிருந்தது. வேம்பு கடையை ஒட்டினாற்போல் சலாஹுதீன் டீக்கடை. அங்கே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

“நல்ல சாமானக் கழட்டிக்கிட்டு, ஓட்டச் சாமான மாட்டி விட்டுட்டியேடி! புள்ளைய ஊரு சிரிக்க வச்சிட்டியே!” என்றேன்.

வேம்பு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “நான் எதையும் மாத்தல பெரியம்மா. மூடிய யாராச்சும் இறுக்குனீங்களா?”

கேட்டுவிட்டாள். அந்தக் கேள்விக்குள் எல்லாமே இருந்தது. என் உள்ளங்கையில் அந்த வலி இன்னும் போகவில்லை.

“யாரும் தொடல” என்றேன்.

“அப்ப எனக்கும் புரியல. வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க. இவங்க எல்லார் முன்னாடியும் கழட்டிக் காட்டுறேன்.”

“இன்னமே ஒன் கை அதுல பட வேணாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சொந்தப் பெரியம்மாவே சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? ஒரு மாதத்தில் அவள் கடை வாசலில் வண்டி குறைந்தது. “சாமான மாத்திடுவாளாம்ல” என்று என் காதுபடவே பேசினார்கள். கார்த்திகை பிறந்தபோது ஷட்டர் இறங்கிவிட்டது.

பொங்கலுக்குப் பரணி வந்தபோது வண்டியை விற்றுவிடுவதாக முடிவு. வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். வண்டியைச் சுற்றி வந்தவர் மூடியைப் பார்த்துச் சிரித்தார். ஒரு குண்டூசி கேட்டு வாங்கி, காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. “இது வழியாத்தாங்க டேங்க்குக்குள்ள காத்து போகணும். அடைச்சிட்டா பெட்ரோல் இறங்காது. மூடியத் தளர்வா வச்சா தப்பிச்சுக்கும்” என்றார்.

அவர் போகும்வரை பரணி காத்திருந்தான். சாப்பிட இலை போட்டு உட்கார்ந்த பிறகுதான் கேட்டான்.

“மூடிய இறுக்குனது யாரு அத்தை?”

“நான்தான். வேன்ல.”

“அண்ணிகிட்டச் சொன்னீங்களா?”

“இல்ல. கேட்டா. தொடலன்னு சொல்லிட்டேன்.”

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். போட்டிருந்த இலையை மடித்துவைத்துவிட்டு எழுந்து போனான்.

மாட்டுப்பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், வேம்பு எங்கே போனாள் என்று விசாரித்துக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் போனேன். ஒரு பட்டறையில் தேங்காய் மட்டை உரிக்கும் மெஷினுக்கு அடியில் குனிந்திருந்தாள். கிரீஸ் முழங்கை வரை ஏறியிருந்தது.

“வாங்க பெரியம்மா” என்றாள், பழைய மாதிரியே.

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு அடைத்தது, நான் இறுக்கியது, பொய் சொன்னது. அவள் வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

“பொட்டு அடைச்சது எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க இறுக்குனதுதான் தெரியாது” என்றாள். “வேலையில நாந்தான் எங்கியோ தப்புப் பண்ணிட்டேன்னு எத்தன நாள் யோசிச்சேன் தெரியுமா? கடைய மூடுனப்பகூட அதத்தான் யோசிச்சேன்.”

“என்ன மன்னிச்சிடுடி.”

“என்கிட்டச் சொல்லி என்ன பெரியம்மா? எங்க சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க.”

சொன்னேன். சலாஹுதீன் கடையில் கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்துப் போய், நின்றபடியே சொன்னேன். பாதிப் பேர் தலையைக் குனிந்து டீயைக் குடித்தார்கள். ஒருவர், “அதான் அவ போயிட்டாள்ல, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?” என்றார். சலாஹுதீன் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “இத அன்னைக்கே இதே எடத்துல சொல்லியிருந்தா இந்த ஷட்டர் எறங்கியிருக்காதும்மா” என்றார்.

மெக்கானிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வேம்பு பட்டுக்கோட்டைப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீடு. அமிர்தம் அண்ணி அவளோடு இருக்கிறாள்.