பச்சைக்கோடு

முழங்கால் போட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பச்சைக்கோட்டைப் பார்க்கிறாள் டேப்பக்கா. "நடுவுல தொப்பை போட்டிருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, ஒட்டியிருந்த டேப்பை முனையிலிருந்து முனைவரை சர்ரென்று பிய்த்து எறிகிறாள்.

ஒரே தரை, நான்கு ஆட்டம். மஞ்சள் கோடு ஷட்டிலுக்கு, சிவப்பு வாலிபாலுக்கு, நீலம் கூடைப்பந்துக்கு. பச்சை, வளையம் வீசி ஆடுகிறவர்களுக்கு. இந்த அரங்கம் டயர் கிடங்காக இருந்தபோது இங்கே மேற்பார்வை பார்த்தவள் அவள். கம்பெனி காலி செய்ததும், "இவ்ளோ உசரக் கூரைய யாராவது சும்மா விடுவாங்களா?" என்று குத்தகைக்கு எடுத்துவிட்டாள். டயர் நாற்றம் போகவே எட்டு மாதம் கழுவினாள். எப்பேர்ப்பட்ட ஆளானாலும் வெளிச்செருப்போடு வந்தால் வாசலோடு சரி. ஷட்டில் நேரத்தில் மின்விசிறி கிடையாது. காற்றில் பந்து திசை மாறும். யாராவது முணுமுணுத்தால், "வேர்க்கத்தானே வந்தீங்க?" என்பாள்.

நான்கு மணி பச்சைக்காரிகளுடையது. தையல்காரி, மருந்துக்கடைக்காரி என்று பள்ளிக்கூடத்தோடு ஆட்டத்தை விட்ட பத்துப் பெண்கள், முழங்காலுக்குப் பட்டை மாட்டிக்கொண்டு வந்து ரகளை செய்வார்கள்.

அந்தப் பச்சைதான் போன வாரம் வம்பை இழுத்து வந்தது. அது மஞ்சளுக்கு இரண்டடி உள்ளே ஓடுகிறது. ஷட்டில் சங்கத் தலைவர் இறுதி ஆட்டத்தின் கடைசிப் புள்ளியில் அதையே எல்லை என்று நினைத்து மட்டையைத் தாழ்த்திவிட்டார். "அவுட்!" என்று கையைத் தூக்கி அறிவிக்கவும் செய்தார். பந்து மஞ்சளுக்குள் சமர்த்தாக விழுந்துகிடந்தது. ஊரே பார்க்க மூக்கறுபட்ட மனுஷன், "பச்சையப் பிச்சிடும்மா. இல்லேன்னா முப்பது பேரும் வேற இடம் பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது பேர் போனால் மாலையெல்லாம் அரங்கம் காற்றாடும். குத்தகை கைவிட்டுப் போகும். இடம் மறுபடி கிடங்காகிவிடும். டேப்பக்கா அன்று ராத்திரி குத்தகைக் கணக்கை மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள்.

தையல்காரி வேறு, "எங்களால உனக்கு எதுக்குக்கா வம்பு? நாங்க தெருவுல ஆடிக்கிறோம்" என்றாள். பயத்தை அந்தப் பேச்சு கோபமாக்கிவிட்டது. "தெருவுல ஆடவா நான் இந்தத் தரைய எட்டு மாசம் கழுவினேன்? நாலு மணிக்கு ஒழுங்கா வந்து சேரு!"

இன்று பதில் கேட்க வந்திருக்கிறார் தலைவர். சுருண்டு கிடக்கும் பச்சை டேப்பைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். "பரவால்லம்மா, சொன்னதக் கேட்டுட்டே."

"தொப்பை போட்டிருந்துச்சு. அதான் பிச்சேன்."

"அப்ப திரும்ப ஒட்டப்போறியா? நாங்க போயிட்டா?"

"வாசல் அங்கதான் இருக்குங்க. கண்ணு உங்களுது, கோடு என்னுது." சொல்லிக்கொண்டே புதுப் பச்சை டேப்பின் முனையை எடுத்து அவர் கையில் திணிக்கிறாள். "வந்ததுதான் வந்தீங்க, இதத் தரையோட வச்சு அழுத்திப் பிடிங்க."

என்ன செய்வதென்று தெரியாமல் அவர் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறார். டேப் சுருளைப் பிரித்தபடி அவள் பின்பக்கமாகவே நடந்து எதிர்முனைக்குப் போகிறாள். "அசையாதீங்க" என்று ஓர் அதட்டல் போடுகிறாள். கோடு விறைத்து நிற்கும்வரை இழுத்து, பல்லால் கடித்துக் கிழிக்கிறாள்.