ஏழாம் ஆணி

பழைய தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி அறை. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கணினிகள். பத்திரிகையில் மெய்ப்புப் பார்க்கும் வேலையை விட்டபின் நான் அங்கே சேர்ந்தேன். பெங்களூர் நிறுவனம் ஒன்று அனுப்பும் மின்னூல்களில் பிழை திருத்துவது எங்கள் தொழில்.

அந்த நிறுவனத்துக்குத் திடீரென்று சுற்றுச்சூழல் மீது அக்கறை வந்தது. எங்கள் அறையில் ஒரு மீட்டரைப் பொருத்தினார்கள். வேலை நேரம் முடிந்தபின் கணினி ஓடினால் பெங்களூரிலேயே தெரிந்துவிடும். ஒரு மாதம் பார்ப்பார்கள். மின்சாரம் வீணாவது குறையாவிட்டால் வேலையை அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு பேரும் பழையபடி பெங்களூருக்கு விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே போகவேண்டியதுதான்.

திரையை மட்டும் அணைத்துவிட்டுக் கணினியையே அணைத்ததாக நம்புகிறவர்கள் எங்களில் நால்வர். நானும் ஒருவன்.

எங்களுக்குத் தலைமை ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பிலிருந்து வரும் அக்கா. அவர் அப்பா சுரங்கத் தொழிலாளி. இறங்கும்போது டோக்கன் எடுத்து, ஏறியதும் பலகையில் மாட்டியவர். ஆணி காலியாக இருந்தால் ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். அக்கா சுவரில் பன்னிரண்டு ஆணி அடித்து, டின் மூடிகளில் எண் எழுதினார். கணினியைப் போட்டால் டோக்கனை எடுக்கவேண்டும், அணைத்தால் மாட்டவேண்டும். எல்லா டோக்கனும் சேரும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது.

மூன்று வாரம் மீட்டர் சாதுவாக இருந்தது. நான்காம் வாரம், செவ்வாய் மாலை ஆறு மணிக்கு ஏழாம் ஆணி காலி. கணினி என்னவோ அணைந்துதான் இருந்தது. அதில் வேலை செய்பவர் டோக்கனைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையிலுள்ள வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"மிஷின் ஆஃப்லதான கீது, பூட்டிட்டுப் போலாமேக்கா," என்றேன்.

"டோக்கன் வரல இல்ல? எங்கப்பா டோக்கன் வராம ஒரு தபா எங்க லைன் வீட்டு சனமே சுரங்க வாசல்ல நின்னுக்கினு இருந்துச்சு. உக்காருங்க."

உட்கார்ந்தோம். ஒருவர் மின்விசிறியைப் போட்டார். ஒருவர் டீக்குக் கெட்டிலைப் போட்டார். கிரிக்கெட் பார்க்க இரண்டு கணினிகள் உயிர்பெற்றன. அவற்றின் டோக்கன்களை முறைப்படி எடுத்துவிட்டதால் அக்காவின் விதிப்படி அதில் தவறில்லை. ஏழு மணிக்கு ஏழாம் டோக்கன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது, வேறு இரண்டு ஆணிகள் காலியாக இருந்தன.

மாதக் கடைசியில் பெங்களூர் அதிகாரி போனில் அழைத்தார். செவ்வாய் ஆறு முதல் ஏழு வரை என்ன நடந்தது என்று கேட்டார். அக்கா கிரிக்கெட் உட்பட எதையும் மறைக்கவில்லை. பன்னிரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர், அந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று விசாரித்தார். மற்ற நாட்கள் சுத்தமாக இருப்பதால் வேலை எங்களிடமே இருக்கட்டும் என்றார்.

அக்கா விதியில் ஒரு வரி சேர்த்தார்: காத்திருப்பவர்கள் வெளியே படிக்கட்டில் காத்திருக்கவேண்டும். அந்தப் படிக்கட்டில் நான்கு பேர்தான் உட்காரலாம், மற்றவர்கள் நிற்கவேண்டியதுதான். அதன்பின் ஒரு டோக்கன்கூட ஆண்டர்சன்பேட்டைக்குப் போகவில்லை.