சாரலில் எறிந்த நோட்டு

கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அப்பா என் கண் முன்னால் இறந்தார். குத்துக்கல்வலசைத் திருப்பத்தில் எங்கள் பைக்கை லாரி இடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான். காரியங்கள் முடிந்து தென்காசி விடுதிக்குத் திரும்பியதும், தூக்கம் வருவதற்காக இருமல் மருந்தைக் குடிக்க ஆரம்பித்தேன். சில வாரங்களில் பகலிலும் அது இல்லாமல் முடியவில்லை. சற்று நேரம் ஓயாமல் சிரிப்பேன். அடுத்த நிமிடமே யாரைக் கண்டாலும் எரிந்து விழுவேன்.

ஒரு மதியம் அறைத்தோழியின் ரெக்கார்டு நோட்டை ஜன்னல் வழியாகச் சாரலில் எறிந்துவிட்டேன். புளியங்குடிக்காரி அவள், வாய் நீளம்; திட்டித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். நனைந்த நோட்டை எடுத்துவந்து மின்விசிறிக்கடியில் விரித்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒன் அலமாரில பாட்டிலெல்லாம் பாத்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவோமா? நானும் வாரேன்."

"பைத்தியம்னு சொல்லுவாங்கட்டி."

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நீ நல்லாருக்கணும்லா?"

மனநல மருத்துவர், "என்ன நடந்துச்சும்மா?" என்று மட்டும் கேட்டார். லாரியின் ஹாரனில் தொடங்கி எல்லாவற்றையும் முதன்முறையாகச் சொன்னேன். மாத்திரையும் பேச்சுமாக ஒரு வருடம் போனது. நடுவில் இரண்டு முறை மறுபடி இருமல் மருந்தைக் குடித்தேன். இரண்டு முறையும் நானே அவளிடம் சொன்னேன்.

இந்தச் சீசனில் இருவரும் குற்றாலம் போனோம். அருவி தலையில் விழுந்த இரைச்சலில் அவள் கத்தியது எனக்குக் கேட்கவே இல்லை. வெளியே வந்து, நடுங்கிக்கொண்டே சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றோம்.

"இன்னொரு தடவ குளிப்போமாட்டி?" என்றாள்.

ஈரத் துணியோடு மறுபடியும் பெண்கள் வரிசையில் போய் நின்றோம்.