பேத்தியைப் பாராட்டிய குற்றம்

ஏழு மாதம் முன்பு இதே பக்கத்தில் ஒரு தவறு செய்தேன். கைதவறி அல்ல. நிதானமாக, நல்ல தமிழில், என் புகைப்படத்தோடு.

என் பேத்திக்கு இருபத்து மூன்று வயது. கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் சாஃப்ட்வேர் வேலை, ஹாஸ்டல் வாசம். ஞாயிறுதோறும் ஸ்ரீவராகத்தில் இருக்கும் வீட்டுக்கு என்னைப் பார்க்க வருவாள். சில மாதமாகச் சரியான சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. பிறகு ஒரு ஞாயிறு... ரொம்ப சாந்தமாக வந்தாள். ஆசைப்பட்டு வாங்கிய கேமராவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள். பட்டுப் புடவைகள் சித்திக்கு. "எனக்கு இனிமே இதெல்லாம் எதுக்கு தாத்தா?" என்றாள்.

இந்த வயதில் எவ்வளவு பக்குவம் என்று வியந்தேன். வியந்தால் சும்மா இருப்பேனா? 'பற்றற்ற தலைமுறை' என்று எழுதிவிட்டேன். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன.

ஒரே ஒரு ஃபோன் மட்டும் வேறு மாதிரி. சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள்.

"சாரே, அந்தப் பிள்ளைகிட்ட சாகணும்னு தோணுதான்னு கேட்டியளா?"

"கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா அம்மா?"

"எங்க தம்பிகிட்ட நாங்க ஒருத்தரும் கேக்கல்ல சாரே. எண்ணம் தன்னால வந்துது. நேரா கேளுங்க. உபதேசம் மட்டும் வேண்டாம். நீங்க எழுதுறதப் பாத்தா, அது உங்களுக்குக் கஷ்டம்தான்."

எனக்குக் கோபம் வந்தது. மறுநாளே போயிருக்கலாம். போகவில்லை — அடுத்த வாரப் பத்தி பாக்கி இருந்தது. நாலு நாள் தள்ளிப்போட்டேன். அந்த நாலு நாளில் எதுவும் நடந்திருக்கலாம். இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் ஹாஸ்டலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "செத்துப் போயிடலாம்னு தோண்றதா உனக்கு?"

எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு, "யாராவது கேப்பாளான்னு பாத்துண்டே இருந்தேன் தாத்தா. நீங்க கட்டுரை எழுதிட்டேள்."

உபதேசம் வாய்வரை வந்தது. விழுங்கினேன். தனியாக விடாமல் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவள் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலை மூவருமாக மனநல டாக்டரிடம் போனோம்.

"பத்திரிகையிலேயே மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா?" என்றேன் அவளிடம்.

"அதையும் ஒரு பத்தியாக்கணுமா?"

இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார மட்டும் அனுமதி. உட்கார்ந்தேன், வாயைத் திறக்காமல். வீட்டில் யாரும் நம்பவில்லை.

இப்போது மருந்தும் கவுன்சலிங்கும் நடக்கின்றன. சில வாரம் நன்றாக இருக்கிறாள், சில வாரம் சுமார். வேலைக்குப் போகிறாள். போன வாரம் அவளே, "எழுதுங்கோ. கேக்கணும்கறத எழுதுங்கோ" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை திடீரென்று ஞானியாகிவிட்டால் ரசிக்காதீர்கள். கேளுங்கள்... பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள்.