அப்பா மேல் மயானத்தில் இருப்பது ஏன்

அப்பா காலமானபோது காலை ஐந்து நாற்பது. தகவல் கேட்டு ஊட்டி மருத்துவமனை அறைக்குள் நான் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவர் சித்தப்பா. கட்டிலை ஒட்டி ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சித்தப்பா கம்பளிக் குல்லாவைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார். இரவு முழுவதும் அப்படியே நின்றதாகச் செவிலியர் சொன்னார்.

இது அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு மலர். இதைப் பெறும் உறவினர்களில் பலர் இந்த ஓராண்டில் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "தாத்தா பாட்டியைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் அப்பாவை மட்டும் ஏன் மேலே வைத்தீர்கள்?" சிலர் வருத்தத்தோடும் சிலர் குத்தலாகவும் கேட்டீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவதே முறை என்று அம்மா சொன்னார்.

அப்பா இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தார். தாத்தாவும் பாட்டியும் அங்கே கொழுந்து பறித்தவர்கள். தாயகம் திரும்பியோரில் ஒரு குடும்பமாக, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் கூடலூர் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. சித்தப்பா அவரைவிட இரண்டு வயது இளையவர். மழையிலும் அட்டைக் கடியிலும் இருவரும் ஒரே நிரையில் தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினார்கள். திருமணத்துக்குப் பிறகு லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர்தான். அம்மாவும் சித்தியும் அந்தச் சுவரைத் தட்டித் தட்டியே பேசிக்கொள்வார்கள்.

எஸ்டேட்டில் மனிதர் மூன்று வகை. பங்களாவில் இருப்பவர் தொரை. வெள்ளைக்காரர் போன பின் தமிழர், மலையாளி, வடநாட்டார் என்று யார் யாரோ அந்த நாற்காலிக்கு வந்தார்கள். எல்லாரும் தொரைதான். அடுத்து ஸ்டாஃப், அதாவது ஆபீஸ் எழுத்தர்களும் மேற்பார்வையாளர்களும். மற்றவர்கள் லேபர். வீடு, தண்ணீர்க் குழாய், நடக்கும் பாதை எல்லாம் இந்த மூன்றின்படியே பிரிந்திருந்தன. மயானமும் அப்படித்தான். பங்களா மேட்டுக்குப் பின்னால் இருப்பது மேல் மயானம். அங்கே பழைய வெள்ளைக்காரத் தொரைகளின் கல்லறைகளும், பணியிலோ ஓய்விலோ இறந்த ஸ்டாஃப்பின் சமாதிகளும் உள்ளன. ஓடைக்கரையில் இருப்பது லேபருக்கான கீழ் மயானம்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். கையெழுத்து அழகாக இருக்கும். மலையாளமும் கொஞ்சம் ஆங்கிலமும் பேசுவார். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவரைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். லயத்திலிருந்து ஒருவர் ஸ்டாஃப் ஆனது அந்த எஸ்டேட்டில் அதுவே முதல் முறை. அன்று சித்தப்பா லயம் முழுக்க வீடு வீடாக மிட்டாய் கொடுத்தார். "எங்கண்ணன் ஸ்டாப்பு" என்று, கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னார்.

நாங்கள் ஸ்டாஃப் குவார்ட்டர்சுக்குக் குடிபோனோம். கோயம்புத்தூர்க்காரரான தலைமை எழுத்தர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. லயத்துப் பக்கம் போனீங்கன்னா வாசலோட பேசிட்டு வந்துருங்க. உள்ளாற உக்காந்து டீ கீ குடிச்சீங்கன்னா, நாளைக்குக் காலைல மஸ்டர்ல பேரு கூப்பிடறப்ப எவனும் உங்களை மதிக்க மாட்டானுங்க."

அப்பா தலையசைத்தார். ஆனாலும் அந்தத் தீபாவளிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். சித்தப்பா அவரைக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் சோடா பாட்டில். ஸ்டாஃப் யாராவது துக்கத்துக்கோ விசேஷத்துக்கோ லயத்துக்கு வந்தால் சோடா வாங்கிக் கொடுப்பதுதான் வழக்கம். லேபர் வீட்டு டம்ளரில் அவர்கள் வாய் வைக்க மாட்டார்கள்.

"என்னடா இது? டீ போடலையா?"

"டீ நாங்க குடிக்கிறதுண்ணே. ஸ்டாப்புக்குச் சோடாதானே குடுப்போம்."

"நான் ஒன் அண்ணன்டா."

"அதுக்கில்ல. வாசல்ல நாலு பேரு பாக்குறாங்க. லயத்துல டீ குடிச்சாருன்னு ஆபீசுல பேசுவானுங்க. கொறைச்சல் ஒங்களுக்குத்தான். குடிங்க."

அடுப்படியிலிருந்து சித்தி சிரித்தார். "ஸ்டாப்பையா, ஏப்பத்த அடக்கிக்கங்க. லயத்துக்கே கேட்டுரும்."

அப்பா சிரிக்கவில்லை. சோடாவைக் குடித்தார். எனக்கு டீ கொடுத்தார்கள்.

வேண்டாம் என்றால் தம்பி கொடுத்ததை மறுத்ததாகிவிடும் என்று நினைத்துத்தான் குடித்ததாக அப்பா பின்னாளில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் குடித்ததைப் பார்த்து, தான் செய்தது சரி என்று சித்தப்பா முடிவு செய்துகொண்டார். அடுத்த மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் வருவார். 'அண்ணே' போய் 'சார்' வந்தது. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். அப்பா ஒரு முறை கோபப்பட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க சார். காலைல மஸ்டர்ல ஒங்க முன்னாடி நிக்கிறவன் நான். இங்க உக்காந்து பழகிட்டா அங்க நிக்கக் கூச்சமா இருக்கும்."

அப்பா நேர்மையான மேற்பார்வையாளர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வந்த பெண்களைத் தாமே வீட்டுக்கு அனுப்பி, அதற்காக ஆபீசில் திட்டு வாங்கியவர். தம்பிக்கு மட்டும் சலுகை காட்டியதில்லை. சரிவான மலைக்கு ஆள் பிரிக்கும்போது சித்தப்பாவின் பெயர்தான் முதலில் வரும். இதையும் சித்தப்பா ஊரெல்லாம் பெருமையாகவே சொன்னார்.

பணி ஓய்வுக்குப் பிறகு அப்பா கூடலூரில் சிறு வீடு கட்டினார். இனி இருவரும் சமம்தான் என்று எதிர்பார்த்தார். சித்தப்பா மாறவில்லை. பொங்கலுக்கும் பேத்தியின் பெயர்சூட்டலுக்கும் வந்தார். வாசலில் நின்றார், பலகாரத்தை வாங்கிக்கொண்டார், "வர்றேன் சார்" என்று போய்விட்டார். அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு அப்பா வெளியே நிற்பார். சிறுநீரகம் பழுதாகி ஊட்டியில் சேர்த்த பிறகு, ஒரு பிற்பகலில் அம்மாவிடம் சொன்னார்.

"என்னைய மேல கொண்டு போகாதீங்க. அப்பன் ஆத்தா பக்கத்துல வைங்க. அவனும் நாளைக்கு அங்கதானே வருவான். அங்கயாவது பக்கத்துல படுப்பான்."

அப்பா காலமான அன்று காலை, மருத்துவமனை வராந்தாவிலேயே அம்மா இதைச் சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா சொன்னதை அப்படியே தருகிறேன்.

"முடியாது அண்ணி. எங்க கூட்டத்துல மலையேறி வந்தவங்க எத்தன பேரு. மேல ஏறுனது இவரு ஒருத்தரு. இத்தன வருசமா நான் நின்னது எதுக்கு? இவரு ஒக்காந்திருக்கணும்னுதானே. இப்ப கீழ கொண்டாந்து வச்சா, லேபர் லேபர்தான்னு ஆபீசுல சிரிப்பானுங்க. நான் நின்னதெல்லாம் வீணாப் போயிரும்."

"அவரு ஆசைப்பட்டாரேப்பா."

"அவரு ஆசைப்படுவாரு. அவருக்கென்ன, அவரு பெரியவரு."

அம்மா என்னைப் பார்த்தார். "எங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணுமே கேக்காத மனுசன் கேக்குறாரு" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா கேட்டதற்கு அம்மா சம்மதித்தார். முடிவு அம்மாவுடையது. குறை சொல்ல விரும்புவோர் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

மறுநாள் லயத்துத் தப்பு மேளம் பங்களாச் சாலை வழியாக முழங்கிக்கொண்டு போனது. அதுவரை அந்தச் சாலையில் லேபர் வீட்டுச் சாவு போனதில்லை. பாடைக்கு முன்னால் நடந்த சித்தப்பா ஒரு முறைகூடத் தலையைக் குனியவில்லை.

அன்று மழையில் குழி வெட்டிய லயத்து இளைஞர்களுக்கும், மூன்று நாள் அடுப்பை அணையவிடாமல் எல்லாருக்கும் சமைத்துப் போட்ட சித்திக்கும், ஊட்டியில் இரவு பகலாகக் கவனித்த செவிலியர்களுக்கும், வண்டி கொடுத்த கூடலூர் நண்பர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு.

சமாதிக்குப் போக விரும்புவோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ளவும். மேல் மயானத்தின் கதவு பூட்டியிருக்கும். சாவி எஸ்டேட் ஆபீசில் உள்ளது. வேலை நேரத்தில் கேட்டால் கொடுப்பார்கள். கீழ் மயானத்துக்குக் கதவு கிடையாது.