வியாழக்கிழமை கடைசிப் பீரியட்

வரலாற்று ஆசிரியரின் பீரியட் கல்யாண வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி. யார் வேண்டுமானாலும் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நீங்களும் சமூக அறிவியல் ஆசிரியர் என்றால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள்.

செத்தவர்களுக்கு என்ன அவசரம்

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை. மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டே தபாலில் வரலாறு படித்தவன். தூக்கம் வராத பழக்கம் ஒட்டிக்கொண்டதால் இப்போதும் ராத்திரியில் ஒரு லாட்ஜில் கவுண்டர் பார்க்கிறேன். பகலில் என்னை உசுப்பி வைத்திருப்பது பத்தாம் வகுப்பின் வியாழக்கிழமை கடைசிப் பீரியட்தான். அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிடுவோம். மனப்பாடம் என்றாலே எனக்கு ஆகாது. பிள்ளைகள் கேட்பார்கள், நானும் கேட்பேன்.

அதன் மேல்தான் கணக்கு டீச்சர் ரோசலிக்குக் கண். வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்பார். ஒருநாள் தர மாட்டேன் என்று முறைத்தேன். சாக்பீஸும் கையுமாக நின்றபடியே சிரித்தார்.

"ஒங்க ஆளுங்க செத்து எத்தனையோ நூறு வருசம் ஆச்சு சார். இன்னும் ஒரு வாரம் காத்திருக்க மாட்டாங்களா?"

வீட்டுப்பாடம்

வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பழைய பொருளுக்கோ இடத்துக்கோ கதை கேட்டு வரச் சொன்னேன். வல்லத்திராக்கோட்டையிலிருந்து வரும் கவிதா, தோட்டத்துக் கிணற்றைப் பற்றி அப்பாவை விசாரித்திருக்கிறாள். யார் வெட்டியது, பாதிக் கிணறு ஏன் பெரியப்பாவுக்குப் போனது, ரெண்டு வீடும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று வரிசையாக. ஒரே தரப்பை நம்பக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்திருந்ததால் பெரியப்பாவிடமும் போய்க் கேட்டுவிட்டாள். மறுநாள் காலையில் அவள் அப்பா ஹெட்மாஸ்டர் அறையில் இருந்தார்.

"ராஜாக்க சண்டையை நடத்துங்க சார், வேண்டாங்கலை. எங்க சண்டை இன்னும் முடியலை."

நிபந்தனை

அவர் போனதும் ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். காலாண்டுத் தேர்வில் வகுப்பு முழுக்க சமூக அறிவியலில் பாஸானால் அந்தப் பீரியட் எனக்கு. ஒரு ஆள் பெயிலானாலும் கணக்குக்கு. பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன். கடைசி பெஞ்ச் சுரேஷ் மெல்ல எழுந்தான்.

"அப்ப ஒங்களுக்கு ஆபத்து நாந்தான் சார்."

மேலே பார்

சித்தன்னவாசல் பயணம் முன்பே முடிவானது, அதையாவது விட்டுவைத்தார்கள். பாதிப் பேர் செல்பி எடுக்க இடம் தேடினார்கள். நான் குகைக் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்து ஓவியத்தைக் காட்டி, காலம், சமயம், வண்ணம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கவிதா எதையும் எழுதாமல் அண்ணாந்தே நின்றாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை.

"இம்புட்டையும் வரைஞ்சவருக்குக் கழுத்து வலிச்சிருக்கும்ல சார்?"

ரிசல்ட்

ஒருவர் விடாமல் பாஸ். சுரேஷும்தான். துள்ளிக் குதிக்காத குறையாக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். அவர் விடைத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். எல்லாத் தாளிலும் கமா முதற்கொண்டு அப்படியே புத்தகம். "ஒங்க வியாழக்கிழமைப் பாடம் இதுல ஒரு வரி இருக்கா? அப்புறம் அது எதுக்கு?" என்றார். அவர் சொன்னதில் பிசகு இல்லை. சுரேஷைக் கூப்பிட்டு, இவ்வளவு மனப்பாடம் எப்படிடா வந்தது என்று கேட்டார்.

"அந்தப் பீரியட் போயிரக் கூடாதுன்னுதான் சார் எல்லாரும் உக்காந்து உருப்போட்டோம்."

ஹெட்மாஸ்டர் பரப்பிய தாள்களை அடுக்கிக் கட்டினார். பிறகு டைம்டேபிளில் வியாழக்கிழமைக் கட்டத்தில் என் பெயரையே எழுதினார்.

என் பாடத்தைக் காப்பாற்றியது நான் ஜென்ம விரோதியாக நினைத்த மனப்பாடம்தான் என்பதை இதுவரை எந்த ஆசிரியர் கூட்டத்திலும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.